முதல் முறை ஓட்டுப் போடப்போகும் பிள்ளைகளுக்கு

2019 ஏப்ரல் 18ஆம் தேதி தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளில் 38இல் வாக்குப்பதிவு நடந்தது. நடக்காத ஒன்று எங்கள் வேலூர். இரண்டு நாள் முன்னால், 16ஆம் தேதி, தேர்தல் ஆணையத்தின் பரிந்துரையை ஏற்றுக் குடியரசுத் தலைவர் வேலூர்த் தேர்தலை ரத்து செய்துவிட்டார். வாக்காளர்களுக்குக் கொடுக்கப் பதுக்கியது என்று ஆணையம் முடிவு செய்த பெருந்தொகை சோதனைகளில் சிக்கியதுதான் காரணம். பணத்துக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல் முறை.

ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் அதே நாளில் சட்டமன்ற இடைத்தேர்தல் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு, எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுத்தார்கள். எம்.பி.யைத் தேர்ந்தெடுக்க வழியில்லாமல் வீடு திரும்பினார்கள். வேலூர்த் தொகுதி ஓட்டுப் போட்டது ஆகஸ்ட் 5ஆம் தேதி. அதற்குள் மே 23இல் நாடு முழுக்க முடிவு வந்துவிட்டது, ஜூன் 17இல் மக்களவை கூடிவிட்டது, ஜூலை 5இல் பட்ஜெட்டும் வந்துவிட்டது. பாலாற்றைப் பற்றியோ, தோல் கழிவைப் பற்றியோ, ரயிலைப் பற்றியோ எங்கள் சார்பில் எழுந்து ஒரு வார்த்தை கேட்க அந்த அவையில் ஆள் இல்லை.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. தேர்தல் வந்தால் எங்களில் பலருக்கு வாக்குச்சாவடிப் பணி வந்துவிடும். என்னிடம் படித்து இப்போது பதினெட்டைத் தொட்டிருக்கும் பிள்ளைகள் பஸ் நிறுத்தத்திலோ காய்கறிக் கடையிலோ பார்த்தால் நின்று பேசுவார்கள். போன மாதம் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், ஓட்டுப் போடுவது கடமை என்று பலகையில் எழுதிப் போட்டீர்கள். போடாவிட்டால் என்ன ஆகும்?"

சட்டப்படி ஒன்றும் ஆகாது. இதை மறைக்காமல் முதலில் சொல்லிவிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1924இலிருந்து நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடுவது கட்டாயம். தகுந்த காரணம் இல்லாமல் போடாவிட்டால் அபராதம் கட்ட வேண்டும். நம் நாட்டில் அப்படி இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 326ஆவது பிரிவு வயது வந்த எல்லோருக்கும் வாக்கு உண்டு என்கிறது. அந்த வயது முதலில் 21ஆக இருந்தது. 61ஆவது திருத்தத்தால் 1989இல் 18 ஆனது. குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் என்று பதினொன்றை 51அ பிரிவு வரிசைப்படுத்துகிறது. அந்தப் பதினொன்றிலும் ஓட்டு இல்லை.

அப்படியானால் கடமை என்று எதை வைத்துச் சொல்கிறோம்? அந்தச் சொல்லையே கொஞ்சம் பாருங்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'கடமை' என்பது நிலத்துக்குக் கட்டிய வரியின் பெயர். கொடுத்தே தீர வேண்டிய பங்கு என்று பொருள். இந்தப் பழைய பொருள்தான் ஓட்டுக்குச் சரியாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

நம் வடாற்காட்டுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பகலில் பாரதம், இரவில் கூத்து, கடைசி நாள் துரியோதனன் படுகளம், மாலையில் தீமிதி. அத்தனை செலவுக்கும் ஊரில் தலைக்கட்டு வரி போடுவார்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் ஒரே தொகை. ஒருவர் கொடுக்காவிட்டால் கூத்து நின்றுவிடாது. அவரும் வந்து பாயை விரித்துப் பார்த்துவிட்டுப் போகலாம். ஆனால் ஊரில் பாதிப்பேர் அப்படி நினைத்தால்? அப்போது யாரோ ஒரு பணக்காரர் முழுச் செலவையும் ஏற்றுக்கொள்வார். அடுத்த ஆண்டு எந்தக் கூத்து, எந்தத் தெருவில் தேர் திரும்ப வேண்டும், யாருக்கு முதல் மரியாதை என்பதையெல்லாம் அவரே முடிவு செய்வார். வரி கொடுக்காதவர் மட்டுமா அதில் நஷ்டப்படுகிறார்? கொடுத்தவர்களுக்கும் சேர்த்துத்தான் ஊர் கைமாறிப் போகிறது. ஓட்டும் இப்படித்தான். நான் போடாத ஓட்டின் நஷ்டம் என்னோடு நிற்பதில்லை. அதனால்தான் அது உரிமையாக இருக்கும்போதே கடமையாகவும் இருக்கிறது.

தலைக்கட்டு வரிக்கும் ஓட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தலைக்கட்டு என்று எண்ணும்போது ஊர் எண்ணுவது குடும்பத்தலைவரான ஆணைத்தான். ஓட்டு, தலையை எண்ணுகிறது. இந்த இடத்துக்கு வந்து சேர நாம் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1920இல் சென்னை மாகாணத்தில் சட்டசபைத் தேர்தல் நடந்தபோது சுமார் நான்கு கோடி மக்களில் ஏறத்தாழ பன்னிரண்டரை லட்சம் பேருக்குத்தான் வாக்கு; சொத்தும் வரியும் பார்த்துக் கொடுத்தார்கள். பெண்களுக்கு வாக்குரிமை என்று தீர்மானம் வந்தது 1921இல். அப்போதும் சொத்து நிபந்தனை போகவில்லை. உத்திரமேரூர்க் குடவோலையைப் பெருமையாகப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் அது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்த முறை. நிலமும் சொந்த மனையும் கல்வியும் உள்ளவர் பெயர்தான் குடத்துக்குள் போனது. உழுதவர் பெயர் போகவில்லை, எந்தப் பெண்ணின் பெயரும் போகவில்லை.

சொத்து, படிப்பு, சாதி, ஆண், பெண் என்று எதையும் கேட்காமல் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது 1951-52 பொதுத்தேர்தல். பதினேழு கோடிக்கு மேல் வாக்காளர்கள்; பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த வாக்காளர் பட்டியல் தயாரிக்கப் போனபோது நடந்த ஒன்றை நான் வகுப்பில் தவறாமல் சொல்வேன். பெரும்பாலும் வட மாநிலங்களில், தன் பெயரை அந்நிய ஆளிடம் சொல்ல மாட்டேன் என்று பெண்கள் மறுத்துவிட்டார்கள். இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டும் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சொந்தப் பெயர் இல்லாத பதிவு செல்லாது என்று சொல்லிவிட்டார். ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம்பெறாமல் போனார்கள். அடுத்த தேர்தலுக்குள் அவர்களில் மிகப் பலர் தங்கள் பெயரைச் சொன்னார்கள். தன் பெயரை வாய்திறந்து சொல்வதுதான் அவர்களுக்கு முதல் ஓட்டு என்று எனக்குத் தோன்றும்.

ஆகவே பட்டியலிலிருந்து தொடங்குங்கள். வாக்காளர் அடையாள அட்டை கையில் இருந்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அட்டை நீங்கள் யார் என்பதற்குத்தான் சாட்சி. ஓட்டு இருக்கிறதா என்பதைச் சொல்வது பட்டியல். ஒரு தேர்தலில் பெங்களூரிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த ஓர் இளைஞர் காலை எட்டு மணிக்கு எங்கள் மேசை முன்னால் அட்டையை நீட்டினார். பட்டியலில் மூன்று முறை தேடினோம். பெயர் இல்லை. வீடு மாறியபோது பழைய முகவரியில் நீக்கியிருக்கிறார்கள், புதிய முகவரியில் அவர் சேர்க்கவில்லை. "அட்டையில் என் படம்தானே இருக்கிறது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

புதிதாகச் சேர்வதற்குப் படிவம் 6. பெயர், முகவரி, படம் என எதைத் திருத்துவதற்கும், வீடு மாறினால் தெரிவிப்பதற்கும் படிவம் 8. இறந்தவர் பெயரை நீக்குவதற்குப் படிவம் 7. முன்பெல்லாம் ஜனவரி 1ஆம் தேதி 18 நிரம்பியிருந்தால்தான் அந்த ஆண்டு சேர முடியும். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி என்று நான்கு தகுதி நாட்கள் இருக்கின்றன. பதினேழு வயது முடிந்தவுடனே விண்ணப்பித்து வைக்கலாம். உங்கள் பகுதிக்கென்று ஒரு வாக்குச்சாவடி நிலை அலுவலர் இருப்பார். பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளராகவோ ஆசிரியராகவோ, உங்களுக்குத் தெரிந்த முகமாகவே இருப்பார். 1950 என்ற எண்ணுக்கும் பேசலாம். தேர்தல் அறிவித்த பிறகு ஓடுவதைவிட இன்றே ஒரு முறை பட்டியலைப் பார்த்துவிடுவது நல்லது.

எந்த ஓட்டு எங்கே போகிறது என்பதிலும் இங்கே குழப்பம் அதிகம். கோட்டைப் பக்கமும் காட்பாடியும் ஒரே மாநகராட்சி, நடுவில் பாலாறு. ஆனால் காட்பாடிக்காரர்கள் மக்களவைக்கு ஓட்டுப் போடுவது அரக்கோணம் தொகுதியில். வாணியம்பாடியும் ஆம்பூரும் 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம். மக்களவைக்கோ வேலூர்த் தொகுதிதான். மாவட்டம் வேறு, தொகுதி வேறு. எம்.பி.யையும் எம்.எல்.ஏ.வையும் தேர்ந்தெடுக்கும் தேர்தலை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். 2021 அக்டோபரில் எங்கள் மாவட்டக் கிராமங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது ஒவ்வொருவருக்கும் நான்கு ஓட்டு: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். இயந்திரம் இல்லை, நிறம் நிறமான வாக்குச்சீட்டுகள். தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்ற குறை முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் இந்த நான்கில் ஒன்று. அதற்கு எம்.பி.யைத் திட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கோபம் நியாயமானது, முகவரிதான் தவறு.

குடியாத்தத்துக்காரர்களுக்கு இதில் ஒரு தனிப் பெருமை உண்டு. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானபோது அவர் சட்டமன்றத்தில் உறுப்பினர் இல்லை. உறுப்பினராக இல்லாத அமைச்சர் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகாவிட்டால் பதவி போய்விடும் என்பது அரசமைப்புச் சட்டம். அவர் நின்றது குடியாத்தம் இடைத்தேர்தலில். அன்றைய சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் பதவியில் நீடிக்க, கைத்தறி நெய்பவர்களும் கடலைக்காய் பயிரிடுபவர்களும் சரி என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் சொன்னார்கள். எத்தனை பெரிய பதவியானாலும் அதன் வேர் இப்படி ஏதாவது ஓர் ஊர்ப் பள்ளிக்கூடத்து வரிசையில்தான் இருக்கிறது.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். வாக்குப்பதிவு காலை ஏழுக்கு என்றால் ஐந்தரைக்கே மாதிரி வாக்குப்பதிவு தொடங்கும். வேட்பாளர்களின் முகவர்கள் கண்ணெதிரே குறைந்தது ஐம்பது ஓட்டுப் போட்டு, எண்ணிக் காட்டி, எல்லாவற்றையும் அழித்து, சீல் வைத்த பிறகுதான் கதவு திறக்கும். உள்ளே வந்ததும் முதல் அலுவலர் உங்கள் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிப்பார். முகவர்கள் கேட்பதற்காகத்தான் அந்தச் சத்தம். வந்திருப்பவர் அந்தப் பெயருக்கு உரியவர் இல்லை என்றால் யாராவது மறுக்கலாம். இரண்டாம் அலுவலர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, இடது ஆள்காட்டி விரலில் மை வைத்துச் சீட்டுக் கொடுப்பார். மூன்றாம் அலுவலர் சீட்டை வாங்கிக்கொண்டு இயந்திரத்தைத் திறந்துவிடுவார். மறைவுக்குள் போய்ப் பொத்தானை அழுத்தினால் பக்கத்துக் கண்ணாடியில் ஒரு சிறு தாள் ஏழு விநாடி தெரியும். வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் அதில் இருக்கும். நின்று பாருங்கள், அவசரப்பட்டு வெளியே வராதீர்கள். ஒருவேளை உங்கள் பெயரில் வேறு யாரோ முன்பே ஓட்டுப் போட்டிருந்தால் திரும்பிப் போய்விடாதீர்கள். நீங்கள்தான் அந்த ஆள் என்று தலைமை அலுவலரிடம் நிரூபித்தால் தனி வாக்குச்சீட்டில் டெண்டர் ஓட்டுப் போடலாம்.

2024இல் குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் இரண்டாம் அலுவலர். கதவு திறப்பதற்கு முன்பே பீடி சுற்றும் ஓர் அம்மா வந்து நின்றிருந்தார். ஆயிரம் பீடி சுற்றினால்தான் ஒரு நாள் கூலி, வெயில் ஏறுவதற்குள் போய் முறத்தை மடியில் வைக்க வேண்டும். மைக் குச்சியை எடுத்தபோது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இலையில் ஒட்டுமா டீச்சரம்மா? கறை பட்டால் பீடியைக் கழித்துவிடுவார்கள்." ஒட்டாது அம்மா, கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும் என்றேன். 1962 பொதுத்தேர்தலிலிருந்து மைசூரில் உள்ள கர்நாடக அரசு நிறுவனம் தயாரிக்கிற மை அது. அதிலுள்ள வெள்ளி நைட்ரேட் தோலோடு சேர்ந்து, வெளிச்சம் பட்டுக் கறுத்துவிடும். தோல் உரிந்து புதிதாக வளரும்வரை போகாது, இலைக்கும் மாறாது. விரலைக் கொடுத்தார். இலையை வெட்டி வெட்டித் தழும்பேறிய விரல். நகத்திலிருந்து முதல் கணு வரை கோடு இழுத்தேன்.

பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்று கேட்டார்: "அந்தத் தாளில் என் பெயரும் வருமா?" வராது என்றேன். உங்கள் பெயர் எந்த இடத்திலும் ஓட்டோடு சேராது, எந்தக் கட்சிக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது என்றேன். அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது இந்த ஊரில் வாழ்கிற எவருக்கும் புரியும். பணத்தைக் கையில் திணித்துவிட்டுச் சாமி படத்தின் மேல் சத்தியம் வாங்குகிறார்கள். யாருக்குப் போட்டாய் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும் என்று மிரட்டவும் செய்கிறார்கள். நம் மக்கள் பணத்துக்கு ஆசைப்பட்டு விலை போகிறார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த நல்ல குணத்தின் மேல்தான் அவர்கள் காசை வைக்கிறார்கள். ஆனால் வாங்கியது யார் வீட்டு உப்பு? ரேஷன் அரிசியும், பள்ளிக்கூடமும், பஸ்ஸும், பீடி வாங்கினால் பீடியிலும் சோப்பு வாங்கினால் சோப்பிலும் நாம் கட்டுகிற வரியில் வருகின்றன. உப்பிட்டவர் நாம். நம்மை நன்றியோடு நினைக்க வேண்டியவர் வென்று போகிறவர்.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பது போலவே வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பணம் வாங்கியவர் பிறகு கேள்வி கேட்கப் போனால், கணக்குத் தீர்ந்துவிட்டதே என்ற முகத்தோடு எதிரில் இருப்பவர் பார்ப்பார். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு கேட்பது கடினம். வாங்காதீர்கள். வீட்டுப் பெரியவர்கள் வாங்கிவிட்டிருந்தால் அவர்களோடு சண்டை போடாதீர்கள். அந்தச் சத்தியம் யாரையும் கட்டுப்படுத்தாது, ஓட்டு ரகசியமானது என்பதை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

யாரையும் பிடிக்கவில்லை என்றால் நோட்டா இருக்கிறது. 2013இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பால் வந்தது. எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தல்களில் நோட்டாவுக்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும் வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர்தான் வெற்றி பெறுவார், மறுதேர்தல் வராது. இதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். 2019 ஆகஸ்டில் வேலூரில் வெற்றி வித்தியாசம் 8,141. நோட்டாவுக்கு விழுந்தது அதைவிட அதிகம். அப்படிப் போட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், வெயிலில் வந்து நின்று பதிவு செய்த எதிர்ப்பு அது. வீட்டில் இருந்துவிட்டவர்களிடம்தான் எனக்கு வழக்கு. 'என் ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும்' என்று கேட்பவர்களுக்கு 2021 சட்டமன்றத் தேர்தலில் காட்பாடித் தொகுதியின் முடிவைச் சொல்வேன். வித்தியாசம் 746. சாதாரணமாக ஒரு வாக்குச்சாவடியின் பட்டியலிலேயே அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

2024இல் அந்தக் கிராமத்து வாக்குச்சாவடியில் மாலை ஆறு மணிக்கு வெளியே பதினான்கு பேர் நின்றிருந்தார்கள். நேரம் முடிந்தாலும் வரிசையில் நிற்பவர்களுக்கு ஓட்டு உண்டு; அவர்களுக்கு டோக்கன் கொடுக்க வேண்டும். கொடுப்பது முன்னாலிருந்து இல்லை, பின்னாலிருந்து. கடைசியில் நிற்பவருக்கு ஒன்றாம் எண். அப்போதுதான் அதற்குமேல் யாரும் வந்து பின்னால் சேர முடியாது. தலைமை அலுவலர் டோக்கன்களோடு வரிசையின் கடைசிக்கு நடந்தார். அங்கே ஒரு பெண் மூச்சு வாங்க நின்றாள். கையில் டிபன் கேரியர். வேலூரில் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணையாக இருக்கிறாள், தங்கையை உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறாள், இரண்டு பஸ் மாறி. ஒன்றாம் எண் டோக்கன் அவளுக்குக் கிடைத்தது. அவள் மேசைக்கு வந்தபோது ஆறரை இருக்கும். டிபன் கேரியரை என் காலடியில் வைத்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள், விரலை நீட்டினாள். உள்ளே பீப் ஒலி கேட்டது. அவள் வெளியே வந்து, மை காயட்டும் என்று விரலை உயர்த்திப் பிடித்தபடி, மறு கையில் கேரியரை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். தலைமை அலுவலர் இயந்திரத்தை மூடும் பொத்தானை அழுத்தினார்.